குணவதிக்குப் பதில் வந்தவள்

சீரியலில் ஆளை மாற்றினால் பாண்டிச்செல்விக்கு ஆகாது. மாமியாரை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும், அவள் முகத்தை யார் பார்க்கிறார்கள், எல்லாரும் புடவையைத்தானே பார்க்கிறோம் என்பாள். புருஷனை மாற்றினாலும் குடி முழுகிவிடாது. அவன் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் எட்டு மணி சீரியலின் கதாநாயகி குணவதியையே மாற்றி, ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று திரையில் எழுத்து ஓடவிட்டார்களே, அதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. புதிதாக வந்தவள் பழையவளைப் போலவே தலையைச் சாய்த்து, பழையவளைப் போலவே முந்தானையைக் கடித்து அழுதாள். அதற்கு ‘இரவல் அழுகை’ என்று பெயர் வைத்தாள் பாண்டிச்செல்வி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபைலோடு வந்து குடும்பத்துக்குள் தீ மூட்டிவிட்டுப் போகிற வக்கீல் மாமாவுக்காகத்தான் இன்னும் அந்தச் சீரியலைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தத் தீர்ப்புகளை எல்லாம் அவள் வழங்கியது கம்பெனி பஸ்ஸில். மண்ணூரில் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூரில் நிரம்பி, ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனிக்குப் போகிற காலை ஷிப்ட் பஸ் அது. உள்ளே முழுக்கப் பெண்கள், பாதிக்கு மேல் தெற்கத்திப் பிள்ளைகள். வருடம் 2012. சொல்லிவைத்தாற்போல ராத்திரி எட்டு மணிக்குக் கரண்டு போய்விடும். அதனால் முந்தின நாள் கதையை மறுநாள் பஸ்ஸில் ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் கேட்பார்கள். சொல்கிறவள் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பாள். கதை நடக்கிறவரை டிரைவர் அப்பாவு பாட்டுப் போட மாட்டார்.

அந்த இடம் கனிஷ்காவுடையது. ஜெனரேட்டர் வைத்த ஹாஸ்டலிலிருந்து அந்தப் பஸ்ஸுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். நன்றாகவே சொல்லுவாள், மாமியாருக்கு ஒரு குரல், குணவதிக்கு ஒரு குரல், நடுநடுவே பின்னணி இசைகூட வாயாலேயே வரும். பாண்டிச்செல்வி ஒரு வருடமாக அந்த இடத்தைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். வெட்கக்கேடு என்று யாரிடமும் சொன்னதில்லை.

கனிஷ்காவுக்குக் கோவில்பட்டியில் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுப் போனாள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் குடியிருப்பவள் பாண்டிச்செல்வி ஒருத்திதான் என்பதால் இடம் அவளிடம் வந்தது. சங்கரன்கோவில் பக்கத்து இசக்கிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆள மாத்துனா ஆகாதுன்னு தொண்ட கிழியக் கத்துனது நீதான? இப்ப நீயே மாத்து ஆளா வந்து நிக்கே” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. பாண்டிச்செல்விக்கு முகம் செத்துப்போயிற்று.

முதல் நாள் கதை படுத்துவிட்டது. கனிஷ்காவைப் போலவே குரல் மாற்றிப் பார்த்தாள். மாமியாரும் குணவதியும் ஒரே குரலில் சண்டை போட்டார்கள். வாயால் இசை போட்டபோது யாரோ இருமுகிறார்கள் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். இசக்கி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் பாதி பஸ் தூங்கிவிட்டது.

அப்பாவு கண்ணாடியில் பார்த்தார். “இன்னாம்மா, அல்லாம் தூங்கினு கீதுங்க. நாளைக்கும் இப்டியே இருந்தா பாட்டு போட்டுர்றேன். எனுக்கும் கண்ணு சொக்குது.”

அவர்மேல் தப்பில்லை. ஆனால் ஒருமுறை பாட்டுப் போட ஆரம்பித்துவிட்டால் அதன்பிறகு அந்தப் பஸ்ஸில் கதை கிடையாது. ஏங்கி ஏங்கிக் கிடைத்தது ஒரே நாளில் கைவிட்டுப் போகப்போகிறது என்று அன்றைக்கு முழுக்க லைனில் நின்று புழுங்கினாள்.

அன்று எட்டு மணிக்கு வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாவோடு டிவி முன் உட்கார்ந்தாள். வழக்கம்போல மாமியார் கத்த ஆரம்பித்தாள். வழக்கம்போல முந்தானை வாய்க்குப் போகும் என்று பாண்டிச்செல்வி காத்திருந்தாள். போகவில்லை. புதுக் குணவதி ஒரு தட்டை எடுத்தாள், சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

“இவ இன்னா, அவ பாட்டுக்குத் துன்னுகினு கீறா? பழைய பொண்ணு இப்டி பண்ணாது” என்றாள் கோவிந்தம்மா.

அதையே சொல்லத்தான் பாண்டிச்செல்வியும் வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு.

“பண்ண மாட்டாதான் அக்கா. இவ பண்றா” என்றாள். அன்றைக்கு அவளும் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் கம்பியைப் பிடித்து நின்றவள் குரலெல்லாம் மாற்றவில்லை. “எனக்கு கனிஷ்கா மாதிரி வராது. எனக்கு வர்றாப்புல சொல்றேன். இந்தப் புதுக் குணவதிய இம்புட்டு நாளா நாந்தான் வஞ்சேன். நேத்து அவ என் மூக்க அறுத்துட்டா” என்று ஆரம்பித்தாள்.

இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன.

“மாமியா கத்துறா, நாத்தனா கத்துறா. இவ தட்டப் போட்டு உக்காந்துட்டா. எங்க உக்காந்தா தெரியுமா? மாமனார் சேர்ல. நீங்களே சொல்லுங்க, அவ செஞ்சது தப்பா?”

அவ்வளவுதான், பஸ் இரண்டாகிவிட்டது. பெரியவர்கள் பசியோடு இருக்கும்போது மருமகள் சாப்பிடலாமா என்று ஒரு பக்கம். இத்தனை நாள் வடித்துக்கொட்டியவளுக்கு வயிறு இல்லையா என்று மறுபக்கம். பாண்டிச்செல்வி இரண்டு பக்கத்தோடும் சண்டை போட்டாள், சண்டைக்கு நடுவிலேயே கதையையும் நகர்த்தினாள். தூங்கியவர்களை மற்றவர்கள் எழுப்பி, நீ எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

“துன்னது தப்பில்ல. மாமனார் சேர்ல குந்துனதுதான் தப்பு” என்று தீர்ப்புச் சொன்னார் அப்பாவு. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வழி இருந்தும் அவர் அதை முந்தவில்லை.

இசக்கி இயர்போனை எப்போது கழற்றினாள் என்று தெரியாது. மூன்று சீட் தாண்டி முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் கம்பெனி கேட்டில் நின்றது. கதவு திறந்தது. ஒருவரும் இறங்கவில்லை. செக்யூரிட்டி தசரதன் வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். “இன்னாம்மா, எறங்கலியா? பஞ்சிங் லேட்டாவுது பாரு.”

படியை மறித்துக்கொண்டு இசக்கி சொன்னாள்:

“செத்த பொறுங்க அண்ணாச்சி. குணவதி இன்னும் சாப்ட்டு முடிக்கல.” பிறகு திரும்பி, “நீ சொல்லுட்டி” என்றாள்.

பாண்டிச்செல்விக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, மீதிக் கதையைச் சொன்னாள்.