சங்கிலியின் மேல் உட்கார்ந்த மார்சலி

தெற்கத்திக்காரர்களின் ஆட்டுப் பண்ணைகள் மலைநாட்டுக்குள் ஏறிவரத் தொடங்கிய காலம். ஆர்க்கன் பள்ளத்தாக்கு முழுவதையும் அளந்து வரைபடமாக்கச் சொல்லி, குலத்தலைவர் எடின்பரோவிலிருந்து ரென்னி என்ற அளவையாளரை அனுப்பியிருந்தார். ரென்னிக்கு எங்கள் மலைநாட்டு மொழியான கேலிக்கில் ஒரு சொல்கூடத் தெரியாது. இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்க்கவும், நிலம் அளக்கும் சங்கிலியை இழுக்கவும் எங்கள் ஊர் டூகலைச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கோடை முழுக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ரென்னி சிவப்புத் துணி கட்டிய கம்புகளை வரிசையாக நட்டுவிட்டுப் போவார். காலையில் வந்து பார்த்தால் ஒன்று மட்டும் இருக்காது. மார்சலியின் ஓட்ஸ் வயலோரம் நட்ட கம்பு அது. ஒருநாள் அதில் அவள் பசு கட்டியிருந்தது. இன்னொரு நாள் ஈரக் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. மார்சலி, டூகலின் அத்தை.

"மறுபடியும் உங்க அத்தை வேலைதானே?" என்றார் ரென்னி.

"காத்தா இருக்கும், ஐயா."

"காத்து தினம் வந்து ஒரே கம்பைத்தான் பிடுங்குமா?"

டூகல் கம்பை மறுபடி நட்டான். சங்கிலியை விரித்து இழுத்தால், வரவில்லை. திரும்பிப் பார்த்தான். தூறலில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தை அதன் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி அத்தை. மானத்தை வாங்காதே."

"இந்தக் கோடு எதுக்குடா?"

"தலைவர் தன் நிலத்தைப் பாக்கணுமாம்."

"பாக்கணும்னா வரட்டுமே. தன் கல்யாணத்துக்கு இங்க வந்தவரு, அப்புறம் தலையே காட்டலை. காலு இல்லையா அவருக்கு?"

"என்ன சொல்றாங்க?" என்றார் ரென்னி.

"மோர் வேணுமான்னு கேக்கறாங்க, ஐயா."

"மூஞ்சியைப் பார்த்தா மோர் குடுக்கற மாதிரித் தெரியலையே."

மார்சலி மருமகனையே பார்த்தாள். "கோட்டுக்கு மேல இருக்கறதெல்லாம் ஆட்டுக்காரனுக்கா? ஆமாவா இல்லையா, அதைச் சொல்லு."

டூகல் சங்கிலியின் முனையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

"உன் மாமா போருக்குப் போனப்ப, நாமெல்லாம் ஒரே ரத்தம்னாரு தலைவரோட அப்பா. நம்பிப் போன மனுசன் பொணமாக்கூடத் திரும்பி வரலை. இப்ப என் ஓட்ஸ் கோட்டுக்கு எந்தப் பக்கம்னு கேளு அந்த ஆளை."

கேட்க வேண்டிய தேவையே இல்லை. மேல்பக்கம்தான். வயலின் கீழோரத்தில் கம்பை நட்டவனே டூகல்.

"அவங்க எந்திரிக்கலேன்னா தலைவரோட நில மேலாளரைக் கூப்பிடுவேன்னு சொல்லு," என்றார் ரென்னி. அவர் கையிலிருந்த தாளில் மை கரைந்து வழியத் தொடங்கியிருந்தது.

டூகல் சங்கிலியைக் கீழே போட்டான். "நான் சொல்ல மாட்டேன், ஐயா. அவங்க பேசறதை உங்ககிட்ட சொல்ல முடியலை, நீங்க பேசறதை அவங்ககிட்ட சொல்ல முடியலை. வேணும்னா நீங்களே தூக்கி அந்தப் பக்கம் வையுங்க. இல்ல, வயலுக்கு மேலால கோட்டைக் கொஞ்சம் வளைச்சுப் போடுங்க. எனக்குக் குளிருது."

ரென்னி வானத்தைப் பார்த்தார், மார்சலியைப் பார்த்தார். அளக்க வேண்டிய பள்ளத்தாக்கு இன்னும் பாதி கிடந்தது. வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே, அவரே கம்பைப் பிடுங்கி வயலுக்கு மேலே கொண்டுபோய் நட்டார்.

அடுத்த வசந்தத்தில் ஆட்டுப் பண்ணைக்காரன் வரைபடத்தோடு வந்தான். கோடு போன வழியிலேயே கல்சுவர் எழும்ப வேண்டும் என்பது உத்தரவு. மார்சலியின் வயல் தப்பியது. கோட்டுக்கு மேலே இருந்த மலை மேய்ச்சல் எல்லோர் கையையும் விட்டுப் போயிற்று. புல் இல்லாமல் இரண்டு பசுக்களை அவள் விற்றாள். வளைவைச் சுற்றிக் கூடுதலாகக் கல் சுமந்தவர்களில் டூகலும் ஒருவன். உடன் சுமந்தவர்கள் அவன் குடும்பத்தையே ஏசினார்கள்.

ஓட்ஸ் ரொட்டியோடு மார்சலி வயலோரம் வந்து நின்றாள். எழும்பும் சுவரை நெடுநேரம் பார்த்தாள்.

"வளைச்சதுதான் வளைச்சீங்க. சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட ஓடையையும் சேர்த்து வளைச்சிருக்கக் கூடாதா? இனி மாட்டுக்குத் தண்ணிக்கு நான் எங்கடா போவேன்?"

டூகல் அவளை ஏறிட்டுப் பார்த்தான். ரொட்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த கல்லை எடுக்கப் போனான்.