பெயர் தெரியாத போணி

ஜெயசித்ரா ஆன்லைனில் கடை திறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் ஒரு துண்டுகூட விற்கவில்லை. கடை என்றால் ஷட்டரும் கல்லாவும் உள்ள கடை அல்ல. குத்துக்கல்வலசை வீட்டின் படுக்கையறையில் சுவரோரம் அடுக்கியிருந்த துண்டுக் கட்டுகளும் அவளுடைய போனும்தான் கடை. அந்தக் கட்டுகள் வந்த பிறகு அந்த அறையில் பீரோவைத் திறக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

அவளுடைய கணவன் குற்றாலிங்கம் ஐந்தருவிக்குப் போகும் வழியில் சீசன் கடை போட்டவன். துண்டு, டவுசர், சோப்பு, ஈரத்துணி வைக்கும் பை. தண்ணீர் அதிகமாக விழுந்தால் குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிடுவார்கள். விழாவிட்டால் ஆளே வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக அமையும். அதை நம்பிக் காலம் தள்ள முடியாமல் கடையை விட்டுவிட்டு, இப்போது இன்னொருவரின் லோடு ஆட்டோவை ஓட்டுகிறான். மிச்சமான சரக்கோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டு ஆன்லைனில் விற்கலாம் என்றது ஜெயசித்ராதான். பி.காம். படித்தவள். படிப்பு பீரோவுக்குள் கிடக்கிறதே என்று அவளுக்கு நெடுநாளாக ஒரு எரிச்சல்.

ஜி.எஸ்.டி. எண் வாங்கினாள். பேங்குக்கு நடையாய் நடந்து நடப்புக் கணக்குத் தொடங்கினாள். படத்தின் பின்னணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆன்லைன் கம்பெனி அடம் பிடித்தது. லிங்கத்தின் வேட்டியைக் கொடியில் விரித்து, அதன் முன்னால் நீலக்கரைத் துண்டைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தாள். வேட்டிக்கரை தெரிகிறது என்று அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எடுத்தாள். கடைசியில் ஒருநாள் கடை திறந்துவிட்டது என்று வாழ்த்து வந்தது. குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போட்டாள். சொந்தபந்தம் அத்தனையும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியது. ஒரு சித்தப்பா மட்டும், "எனக்கு ரெண்டு எடுத்து வை தாயி, ஊருக்கு வரும்போது வாங்கிக்கிடுதேன்" என்று எழுதியிருந்தார். அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் போணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீசன் கடைக்காரர்களுக்கு அன்றைய நாளே முதல் போணியில்தான் இருக்கிறது. முதலில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். விலையில் விட்டுக்கொடுத்தாவது ஒரு சோப்பையாவது தலையில் கட்டி, வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் போடுவார்கள். யார் கை முதலில் படுகிறது என்பதில் அவ்வளவு கவனம். லிங்கத்தின் அம்மா தங்கத்தாய்க்கு இன்னும் ஒரு படி அதிகம்.

அதனால் அடிபட்டவள் முத்துச்செல்வி. லிங்கத்தின் அண்ணன் மனைவி. கல்யாணமான மறு வருஷமே அண்ணன் இலத்தூர் ரோடு பிரியும் விலக்கில் பைக்கோடு விழுந்து போய்விட்டான். அதன் பிறகும் சில வருஷம் அவள் இந்த வீட்டில்தான் இருந்தாள். காலைச் சாப்பாட்டை அவள்தான் கடைக்குக் கொண்டுபோவாள். ஆனால் போணி ஆகும்வரை கடை வாசலில் நிற்கக் கூடாது என்பது தங்கத்தாயின் உத்தரவு. எதிரே டீக்கடை ஓரம் தூக்குவாளியோடு நிற்பாள். முதல் வியாபாரம் முடிந்ததும் லிங்கம் அங்கிருந்தே தலையை ஆட்டுவான். அப்புறம்தான் அவள் ரோட்டைக் கடந்து வருவாள். சாரலில் நனைந்துகொண்டு நின்ற நாட்களும் உண்டு.

ஜெயசித்ரா இந்த வீட்டுக்கு வாழ வந்து முதல் சீசனிலேயே இதைப் பார்த்துவிட்டு மாமியாரோடு சண்டைக்குப் போனாள். "இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மனுஷிய ரோட்டுல நிறுத்துவேளா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். முத்துச்செல்விதான் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "விடுட்டி, நிக்கதுல எனக்கென்ன வலியா?" என்றாள். பிறகு தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்து, மேலகரத்தில் தனி வீடு பார்த்துப் போய்விட்டாள். ஜெயசித்ராவுக்குப் பிரசவம் பார்க்க வந்ததும் அவள்தான், கடை திறந்த அன்று போனில் வந்து சந்தோஷப்பட்டதும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெயசித்ரா விளக்கேற்றிவிட்டு போனின் முதுகில் ஒரு பொட்டு சந்தனம் வைத்தாள். பி.காம். அதற்கு ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. சாம்பார் கொதிக்கும்போது போன் மணி அடித்தது. ஆர்டர். நீலக்கரைத் துண்டு, இரண்டு. எந்த ஊராக இருக்கும்? பூனாவா, டெல்லியா? முகவரி லேபிளைத் திறந்தாள்.

முத்துச்செல்வி, மேலகரம், தென்காசி.

அடுப்பை அணைத்தாள். லிங்கம் ஆட்டோவில் சுந்தரபாண்டியபுரம் போயிருந்தான். மாமியார் கோவிலுக்குப் போயிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில். வீட்டில் வேறு யாரும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: வேறு யாரும் இல்லை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதலில், 'அக்கா ஏன் போட்டாவ?' என்றுதான் தோன்றியது. அடுத்து, 'போயும் போயும் மொத போணியா' என்று தோன்றியது. தோன்றியதும் திடுக்கிட்டாள். கடை போனது நினைவுக்கு வந்தது. லிங்கம் யாருடைய வண்டியையோ கழுவிக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்தது. இதுவும் போனால் வேறு வழியில்லை என்பது நினைவுக்கு வந்தது. இந்த ஒன்று மட்டும் வேண்டாம், முதலில் வேறு யாராவது வாங்கட்டும், அக்காவுக்கு அப்புறம் சும்மாவே இரண்டு துண்டு கொடுத்துவிடலாம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ரத்து செய் என்ற இடத்தைத் தொட்டாள்.

காரணம் என்ன என்று கேட்டது. சரக்கு இல்லை, விலை தவறு, முகவரி சரியில்லை என்று கீழே வரிசையாக இருந்தன. அவளுடைய காரணம் அதில் இல்லை. அப்படி ஒரு காரணம் உலகத்தில் இருக்கும் என்று அந்தக் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? சரக்கு இல்லை என்பதைத் தொட்டாள். ஆர்டரை ரத்து செய்தால் கடையின் பெயர் கெடும், உறுதியா என்று ஒருமுறை எச்சரித்தது. உறுதி என்றாள். கடையில் சரக்கு பூஜ்யம் என்று தானாக மாறியது. மறுபடி உள்ளே போய் எண்ணிக்கையை ஏற்றிவைத்தாள்.

அன்று சாம்பாரில் உப்பு இல்லை. மாமியார் கோவிலிலிருந்து வந்து திருநீறு நீட்டியபோது அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. இத்தனை வருஷம் யாரை ஏசினாளோ அந்த மனுஷி செய்ததாவது எல்லோருக்கும் முன்னால் செய்தது. தான் செய்தது யாருக்கும் தெரியாமல், விரல் நுனியால். லிங்கத்திடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முத்துச்செல்வி. கையில் மைசூர்பாகுப் பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி ஜெயா, எல்லாம் வித்துப்போச்சாமே!"

ஜெயசித்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்கா சொன்னா?"

"எங்க கடையில பர்சானான்னு ஒரு பிள்ள. நாந்தான் லிங்க்க குடுத்தேன். துண்டு ஆர்டர் போட்டாளாம், சரக்கு இல்லன்னு மெசேஜ் வந்துட்டாம். எனக்குன்னா ஒரே சந்தோஷம். பாத்தியா, நாம வாங்கதுக்குள்ள ஊரெல்லாம் வாங்கிட்டு!"

பர்சானா இல்லை, நீங்கள்தான் என்று ஜெயசித்ராவுக்குத் தெரியும். தன்னுடைய ஆர்டர்தான் முதல் ஆர்டர் என்று முத்துச்செல்விக்குத் தெரியாது. சொன்னால் கூச்சம் என்று பர்சானாவின் பெயரைச் சொல்கிறாள். "ஆமாக்கா" என்றாள் ஜெயசித்ரா. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதைத் தின்னு மொதல்ல" என்று முத்துச்செல்வி ஒரு துண்டு மைசூர்பாகை அவள் வாயிலேயே வைத்தாள்.

லிங்கம் குளித்துவிட்டு வந்தான். "வாங்க மதினி" என்று சேரை இழுத்துப் போட்டான். காப்பி கொண்டுவரும் சாக்கில் ஜெயசித்ரா போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். சரக்கு அப்படியே கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதே. காப்பியை முத்துச்செல்வி கையில் கொடுத்த அதே நேரத்தில், மேசைமேல் இருந்த போன் மணி அடித்தது.

லிங்கம்தான் எடுத்தான். எடுத்தவன் துள்ளிவிட்டான். "ஏட்டி! ஆர்டர்ட்டி! நாசிக்லேருந்து! நம்ம கடையில மொத ஆர்டர்! மதினி, நீங்க வந்த நேரந்தான்!"

எதிரே டீக்கடை ஓரம் அவளை நிறுத்திவைத்துத் தலையாட்டிய அதே ஆள்தான். அவன் அதை நினைக்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தான்.

"மொத ஆர்டரா?" என்றாள் முத்துச்செல்வி. சிரிப்பு மாறவில்லை. ஜெயசித்ராவைப் பார்த்தாள். "எல்லாம் வித்துட்டுன்னு..."

"எங்க மதினி வித்துச்சு? உள்ள போய்ப் பாருங்க, கட்டுக் கட்டா கெடக்கு. ஒரு வாரமா ஈ ஓட்டுதோம். இந்தா, யாரோ அஸ்மிதாவாம்."

"பேரெல்லாமா வரும் இதுல?"

"பேரு, தெரு, கதவு நம்பரு எல்லாம் லேபிள்ல அடிச்சு வந்துரும். யாரு வாங்குதான்னு பளிச்சுனு தெரியும்" என்று லிங்கம் போனை அவளுக்கு முன்னால் நீட்டினான். கடை வைத்திருக்கிறவனின் பெருமை அவன் குரலில் திரும்பி வந்திருந்தது.

முத்துச்செல்வி போனைப் பார்த்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். ஜெயசித்ரா அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். கோபம் வந்திருந்தால் பிழைத்துப்போயிருப்பாள். ஆனால் அங்கே வந்தது வெட்கம். செய்யக் கூடாததைச் செய்து கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல முத்துச்செல்வி கூசிப்போனாள்.

"நல்லா இருக்கட்டும் லிங்கம். நல்லா நடக்கட்டும்" என்று எழுந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஜெயசித்ரா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள். வாசல் கேட்டருகே கையைப் பிடித்தாள். "அக்கா" என்றாள்.

"பேரு தெரியும்னு எனக்குத் தெரியாதுட்டி" என்றாள் முத்துச்செல்வி மெதுவாக. "ஆன்லைன்தான, யாரு எவருன்னு தெரியாதுன்னு நெனச்சிட்டேன். ஒருதடவையாவது ஒனக்குப் போணி பண்ணிரணும்னு ஒரு ஆச. தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன். எம்மேல வருத்தப்படாத."

"நீங்க எதுக்குக்கா வருத்தப்படாதன்னு சொல்லுதிய?" ஜெயசித்ராவுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. "செஞ்சது நான். யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்."

"போகட்டும் விடு."

ஜெயசித்ரா உள்ளே ஓடிப்போய் நீலக்கரைத் துண்டில் இரண்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் திணித்தாள். "வச்சிக்கிடுங்க அக்கா. காசு வேண்டாம்."

முத்துச்செல்வி துண்டை விரித்துப் பார்த்தாள். கரையைத் தடவிப் பார்த்தாள். பர்ஸைத் திறந்து இரண்டு துண்டுக்கும் உள்ள பணத்தை எடுத்து நீட்டினாள். "சும்மா வாங்கப்படாது. இப்பதான் நாசிக்காரி போணி பண்ணிட்டாள்லா, இனி நான் வாங்கலாம்."

போணி ஆனதும் ரோட்டைக் கடந்து வருவாளே, அதே முகம். ஜெயசித்ராவின் கை தானாக நீண்டு பணத்தை வாங்கிக்கொண்டது. முத்துச்செல்வி துண்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

உள்ளே லிங்கம் ஒரு கட்டைப் பிரித்து நாசிக் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, கவரையும் டேப்பையும் தேடிக்கொண்டிருந்தான். "மொத பார்சல். நீயே கட்டு. ஓங்கைதான் ராசி" என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் டேப்பைக் கீழே வைத்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆர்டர், லேபிளில் வந்த பெயர், சரக்கு இல்லை என்று தான் தொட்டது, இப்போது கேட்டருகே நடந்தது. எதையும் குறைக்கவில்லை. அவன் ஏச வேண்டும், ஓங்கி ஒரு அறை விட்டாலும் சரி என்று நின்றாள்.

லிங்கம் கட்டிலில் உட்கார்ந்தான். நாசிக் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் வீட்டுல இருந்திருந்தா" என்றான், "நானும் அதத்தானட்டி செய்யச் சொல்லியிருப்பேன்."

அவள் கையிலிருந்த பணத்தை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள இருவருக்குமே துணிவில்லை.