மஸ்டாங்கின் வாரன்ட்

பென்ரோஸ் கராஜ் ஒன்றில் கார்கள் ஓடத் தகுதியானவையா என்று பார்த்து வாரன்ட் கொடுப்பது யேசுராசாவின் வேலை. அன்று காலையிலிருந்து அவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. பத்து மணிக்குச் சற்குணத்தாரின் பழைய அமெரிக்கக் கார் மஸ்டாங் வரவிருந்தது. போன முறை அதன் அடித்தட்டில், சீற் பெல்ட் பூட்டிய இடத்தில், துரு தொடங்கியிருந்ததை அவன் கண்டிருந்தான்.

ஐந்து வருடங்களுக்கு முன், பிரேக்கைச் சோதிக்க அதை முதன்முதலாக எடுத்தபோது, ஸ்டியரிங் இடது பக்கம் என்பதை மறந்து கியருக்காகக் கதவைத் துழாவினான். பிறகு அக்சிலரேட்டரை மிதித்தான். முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து தன் கொரோலாவில் போவது அவனுக்கு நடந்து போவதுபோலத்தான் இருக்கிறது.

கார் வந்தால் வழமையாக முதலில் ஓட்டிப் பார்ப்பான். இன்று வந்ததும் நேரே, காரை உயர்த்தும் லிஃப்டில் ஏற்றினான். துருவில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்தினான். அது உள்ளே போய்விட்டது.

"இது பாஸ் ஆகாது அண்ணை."

"பெயில் எண்டால் மகன் வித்துப்போடுவான், தம்பி. வாங்க ஆளும் பார்த்து வைச்சிருக்கிறான்." சற்குணத்தார் மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்து நீட்டினார். "ஒருக்கா ஓடிப் பார்த்திட்டு எழுதுமன்."

"ஓடினால் பிறகு பெயில் எண்டு எழுத மாட்டன்."

"அதுக்குத்தானே சொல்லுறன்."

யேசுராசா திறப்பை வாங்கவில்லை. காரைக் கீழே இறக்குவதற்கு முன்பே பெயில் என்று எழுதிக் கையெழுத்திட்டான். வலது கால் மட்டும் சீமெந்துத் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.