வாசப்படிக்கு அடியில்

என் வீட்டுக்காரர் முத்துவேலுக்கு முதலில் நின்றது கை வீச்சுதான். வரப்பில் போகும்போது வலது கை மட்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டு போகும். பிறகு நடுக்கம் வந்தது, நடை சிறுத்தது. உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்தோடிய வருஷம் வாசப்படி அவரைப் பிடித்துக்கொண்டது.

கூடத்தில் எப்படியோ நடந்துவிடுவார். வாசப்படிக்கு வந்ததும் இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. வாசப்படியில் நிற்பது குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அவரோ தினமும் அங்கேதான் நின்றார்.

எதிர்வீட்டுச் சிட்டம்மாள் சிரிப்பாள். "இன்னா மாமா, சாமி மாதிரி நின்னுக்கினு கீறே? கற்பூரம் காட்டவா?"

"பொங்கல் வெக்காம சாமி எறங்காது, போடி" என்பார். குரல் அவளுக்கு எட்டாது. நான்தான் திருப்பிச் சொல்வேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் காலைத் தட்டிப் பார்த்தார். "கால் நல்லாத்தான் இருக்கும்மா. நடன்னு மூளை தானாச் சொல்லணும். இவருக்கு அது நடுவுல அறுந்து போவுது" என்றார். மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்யும் நேரம் கொஞ்சம் பரவாயில்லை. மற்ற நேரம் நான் இடுப்பைப் பிடித்து இழுப்பேன். எனக்கும் முதுகு போய்விட்டது.

கொழுந்தனார் சின்னராசுதான் சொன்னார். "அண்ணி, பேசாம தூக்கிக்கினு போய் வெளிய வுட்டுடலாம்."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "இந்த வூட்ட வுட்டு என்னைத் தூக்கினா அது ஒரே தபாதான். அதுவரிக்கும் என் கால்லதான் போவேன்."

சின்னராசு தூக்கும் பேச்சை விட்டார். ஆனால் மறுநாள் ஒரு குறிகாரரைக் கூட்டி வந்தார். வாசப்படிக்கு அடியில் யாரோ செய்வினைத் தகடு புதைத்து வைத்திருக்கிறார்களாம். கடப்பாரை வந்தது. என் மாமனார் வைத்த பலகையைப் பெயர்த்துத் தோண்டினார்கள். துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று கிடைத்தது.

"மாட்டு லாடம்டா அது" என்றார் இவர். யாரும் கேட்கவில்லை.

குழியை மூடிச் செங்கற்களைக் குறுக்கே வரிசையாக, இடைவெளி விட்டுப் பதித்தார்கள். "வாண்ணா" என்றார் சின்னராசு. இவர் குனிந்து பார்த்தார். ஒரு கல், அடுத்த கல் என்று எடுத்து வைத்து விறுவிறுவென்று தெருவுக்குப் போய்விட்டார். சின்னராசு அழுதே விட்டார். தேங்காய் உடைத்தோம்.

மறுநாள் இவர் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்.

"இங்கியும் வெச்சிகிறானுங்க!" சின்னராசு கடப்பாரையைத் தேடினார். நான் தடுத்தேன். முந்தின நாள் இவர் கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தது என் கண்ணில் இருந்தது. ஒரு சவுக்குக் குச்சியை எடுத்து அவர் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டேன். "தாண்டுங்க."

தாண்டினார்.

"அப்ப அந்தத் தகடு இன்னா அண்ணி?" என்றார் சின்னராசு. அது லாடம்தான் என்று கடைசிவரை அவர் நம்பவில்லை.

அதற்குப் பிறகு குச்சியும் நானுமாகத்தான் இருந்தோம். போடுவேன், தாண்டுவார், எடுப்பேன், மறுபடி போடுவேன். மதகடி நிலத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். சில நாள் அவர் பாதி வழியில், "போதும் சுலோச்சனா, நீ களைச்சிட்டே" என்பார். திரும்புவோம். திரும்பவும் அதே குச்சிதான்.

மார்கழியில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து போய்விட்டார்.

பாடையின் முன்பக்கம் சின்னராசு. வாசலில் செங்கல் காலில் இடறவும் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாடை வாசப்படியிலேயே நின்றது.

"வாசப்படியில நிக்காதீங்கப்பா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

என் கை கதவு மூலையில் குச்சியைத் தேடியது.