கால் முன்னால் வந்தவர்

பச்சையப்பன் தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவர் என்பது பாகூர் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அப்படிப் பிறந்தவர் காலால் நீவினால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும். ஆமணக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்ப்பார். பிறகு இடது குதிகாலை முதுகில் வைத்து மூன்று தரம் கீழே இழுப்பார். தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஆட்சியிலும் சரி, இந்த ஆட்சியிலும் சரி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா இவர் காலடியில்தான் குப்புறப் படுத்தார்.

அப்பேர்ப்பட்ட கால் சொந்த வீட்டில் எடுபடவில்லை. புரட்டாசி நடவில் குனிந்த மனைவி தனக்கொடி நிமிரவே இல்லை. கார்த்திகை பிறந்தும், பாயைவிட்டு எழ யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது. தினமும் நீவினார். ஒரு பலனும் இல்லை. மனிதருக்குத் தன் கால்மேல் கோபம் வருமா? பெண்டாட்டிமேல்தான் வந்தது.

"ஊருக்கே கேக்குது, ஒனக்கு மட்டும் இன்னாடி? மனசு வச்சுப் படுடி!" என்று ஒருநாள் அழுத்தி இழுத்தார்.

தனக்கொடி அலறிவிட்டாள். "போதும், வுடுய்யா! நீ ஒண்ணும் காலு முன்னாடி வந்து பொறக்கல."

"எவ சொன்னா?"

"ஒங்கம்மாதான். சாவறதுக்கு மொத நாளு எங்கையப் புடிச்சிகினு சொல்லிச்சு. எல்லாப் புள்ளையும் போலத் தலதான் வந்துச்சாம். அப்பன் செத்த புள்ள, நாலு பேரு மதிக்கட்டுமேன்னு அதுவே கட்டிவுட்ட கதையாம். ஆறு வருசமா வாயத் தொறக்கல நான்."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒருவரையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலையிலேயே நல்லவாட்டிலிருந்து வண்டி வந்து நின்றது. உள்ளே அய்யனார் என்ற மீனவர், இரண்டாக மடங்கிக் கிடந்தார்.

"என்னால ஆவாது, வேற ஆளப் பாரும்மா" என்றார் பச்சையப்பன்.

அய்யனாரின் மனைவி எல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "கடலுக்குப் போயி பத்து நாளாவுது அண்ணே. ஒங்க காலு பட்டாப் போதும்னு வழியெல்லாம் சொல்லிகினே வந்தாரு."

வேறு வழியில்லாமல் அவரை வீட்டுக்குள் கிடத்திக் காலை வைத்தார். எண்ணெய்கூட இல்லை. ஒரு தரம் இழுத்ததோடு சரி. அய்யனார் பெருமூச்சு விட்டார், புரண்டார், எழுந்து நிமிர்ந்து நின்று, "வுட்டுப்போச்சு அண்ணே!" என்று அழுதார்.

எல்லம்மாளின் கண் பாயில் கிடந்தவள்மேல் விழுந்தது. "அக்காவுக்கு இன்னா?"

"இடுப்பு" என்றாள் தனக்கொடி.

"இடுப்பா? இவர வூட்டுலயே வச்சிகினா?"

வண்டி போனபின் பச்சையப்பன் மனைவியின் அருகில் வந்து உட்கார்ந்தார். தனக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு தானாகவே குப்புறப் புரண்டாள்.

"ஒங்கம்மா எங்கிட்ட சொன்னதுதான் பொய்யின்னு சொல்லுய்யா. நான் நம்புறேன்."

"பொய்தான்டி" என்றார். எண்ணெய் தேய்த்து, குதிகாலை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்ல இழுத்தார்.

"எப்புடி இருக்கு?"

"தேவலாம்" என்றாள் தனக்கொடி. அப்புறம் எழுந்திருக்கக் கை கேட்டாள்.