வாய் நிறைய இயற்பியல்

கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் ரோபெலுக்கு நான் ஒருவனே வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு. நான்கிலும் பூஜ்யம். ஆனால் வாத்தியார் வாயை அடைப்பதில் பட்டம் வாங்கியவன்.

"நியூட்டனோட ரெண்டாவது விதி என்னடா?" என்பேன். பயல் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, சார் முகமே வாடிப்போச்சு" என்பான். அடுத்த நிமிடம் அவன் அம்மா ஸெனெபெச், தோசை மாதிரியான இன்ஜெராவில் கறிக்குழம்பைச் சுருட்டி என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்பார். அடிஸ் அபாபாவில் இப்படி ஊட்டிவிடும் குர்ஷாவை வேண்டாம் என்றவன் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது.

"ஆ காட்டு தம்பி. எலும்பும் தோலுமா இருக்கியே."

"அம்மா, பாடம்..."

"பாடம் எங்க ஓடிப்போகுது? வாயைத் தொற."

வாய் நிறைய இன்ஜெராவை வைத்துக்கொண்டு விதியைக் கேட்பது எப்படி? ரோபெல் புத்தகத்தைப் பார்த்துப் பயபக்தியோடு தலையாட்டுவான். மூன்றாவது குர்ஷா இறங்குவதற்குள் காபி வந்துவிடும், அதுவும் மூன்று சுற்று. அதோடு நேரம் முடிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் வருத்தமில்லை. என் வாடகை அறையில் நான் சமைப்பதை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அவன் அப்பா லாரி ஓட்டுபவர். ஜிபூட்டி துறைமுகத்திலிருந்து சரக்கோடு திரும்பியவர் அரையாண்டு மதிப்பெண்களைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாத்தியாரே, இந்த வீட்டுல இத்தன மாசமா வளந்தது உங்க தொந்தி ஒண்ணுதான். அடுத்த பரீட்சையில இவன் ஒரு பாடத்துல கோட்டை விட்டாலும் நீங்க வரவேணாம்."

எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பு தொடங்கியது. வார நாட்களில் மதியம் மூன்று மணிவரை அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் தண்ணீர்கூடப் போகாது. ரோபெலுக்குப் பள்ளிக்கூடமோ மதியத்துக்கு மேல்தான். இனிப் பாடம் காலை ஏழு மணிக்கு என்று அறிவித்தேன்.

முதல் நாளே கேட்டேன். "ரெண்டாவது விதி என்னடா?"

"அம்மா, சார் முகம்..."

"நோன்பு நேரத்துல சோத்து நெனப்பு என்ன உனக்கு? கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பயல் திருதிருவென விழித்தான். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை. என் வயிறு இரையும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி நான்கு பாடங்களையும் அவன் மண்டையில் ஏற்றினேன். தப்பிக்க வழியில்லாமல் படித்தான். ஐந்தாம் வாரம் அவன் கேட்ட சந்தேகத்துக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

ஈஸ்டர் கழிந்து மதிப்பெண்கள் வந்தன. நான்கிலும் தேர்ச்சி, இயற்பியலில் எழுபத்தெட்டு. அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா குலவையிட்டார். சமையலறையில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன்.

அம்மா வெறுங்கையோடு வந்தார்.

"இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது தம்பி. உங்க ரெண்டு பேருக்கும் வெறும் வயித்துலதான் மூளை ஓடுது. பெரிய பரீட்சை முடியிற வரைக்கும் பாட நேரத்துல ஒரு துண்டு இன்ஜெராகூடக் கண்ணுல காட்டமாட்டேன்."

"நோன்புதான் முடிஞ்சிடுச்சேம்மா."

"பையன் படிப்பைவிடச் சோறா பெருசு உனக்கு?"

ரோபெல் என்னைப் பார்த்தான். அவனுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"சார், வேதியியல் ஆரம்பிக்கலாமா?" என்றான்.

"ஆரம்பிச்சுத் தொலை" என்றேன்.