சுவிட்ச் இல்லாத விளக்கு

...சுவிட்ச் எங்கேடி என்று அம்மா கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது, சுவிட்ச் கிடையாது, இந்த முப்பத்தாறு விளக்குக்கும் கையால் தொட்டுப் போடுகிற சுவிட்ச் என்று ஒன்று எங்கேயுமே கிடையாது, ஆனால் வாசலில் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸில் 'சுவிட்ச் போட்டுத் துவக்கி வைப்பவர்: திரு. பாவாடை அவர்கள்' என்று ஊருக்கே தெரிகிற மாதிரி போட்டிருக்கிறது, போட்டிருக்கிறது என்ன போட்டிருக்கிறது, போட்டது நான்தான், வாசகம் எழுதிக் கொடுத்தது நான், பிழை பார்த்தது நான், நைனா பேர் இன்னும் பெரிசா வரணும் என்று பிரிண்டிங் கடையில் நின்று சண்டை பிடித்ததும் நான்தான். பதினொரு வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனி வேலை பார்த்தவள், செஞ்சியிலேயே முதல்முதலாக அவரவர் வண்டியை அவரவரே கழுவிக்கொள்கிற வாட்டர் வாஷ் போட்டவள், இருட்டின பிறகு ஆள் வந்தால் தானாக எரிந்து ஆள் போனால் தானாக அணைகிற விளக்கைத் தேடி அலைந்து வாங்கியவள்... நைனா அழுத்த ஒரு பொத்தான் வேண்டுமே என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே. அம்மா விடுவாளா, சாமுண்டீஸ்வரி என்று பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். "சுச்சே இல்லாத லைட்டுக்கு உங்க நைனாவுக்கு எதுக்குடி புது வேட்டி? காலையிலேர்ந்து மனுசன் உக்காரக்கூட மாட்டேன்றாரு, மடிப்பு கலஞ்சிடுமாம்." மணி ஐந்தே முக்கால், ஆறேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், நாற்காலி போட்டாயிற்று, காலனி சனம் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தாயிற்று.

கொட்டகையை அண்ணாந்து பார்த்தேன், அந்தப் பதற்றத்திலும் பார்க்கப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது, வண்டி நிற்க மூன்று தடுப்பு, ஒவ்வொரு தடுப்பின் கூரையிலும் பன்னிரண்டு அறுகோண விளக்கு, தேன்கூட்டைப் பிரித்து ஒட்ட வைத்த மாதிரி, திண்டிவனத்தில் இருக்கிறதா இது, திருவண்ணாமலையில் இருக்கிறதா, யாராவது காட்டட்டும் பார்ப்போம். முன்னே இருந்தது நாலு ட்யூப்லைட்டு, தண்ணீர் தெறித்துத் தெறித்து இரும்பெல்லாம் துரு, ஒன்று எரிந்தால் இன்னொன்று எரியாது, மழைக்கு மறுநாள் ஈசல் மொய்த்துக் கழுவின காரின் மேலேயே உதிரும். சாயங்காலம் சுவிட்ச் போடுகிறது நைனாவின் வேலை, வேறு யாரையும் தொட விட மாட்டார், போட்டுவிட்டு இரண்டு கையையும் குவித்து ஒரு கும்பிடு, விளக்கு வைக்கிற நேரத்து முதல் வெளிச்சமாயிற்றே, அந்தப் பாழாய்ப்போன ட்யூப்லைட்டு நாலு தரம் கண்ணடித்துவிட்டுத்தான் எரியும், அது எரிகிற வரைக்கும் குவித்த கையை இறக்காமல் நின்றுகொண்டிருப்பார். போன ஐப்பசியில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டார், கரண்ட் அடித்துப் பின்னால் போய் விழுந்தார், நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று, அன்றைக்கு முடிவு பண்ணினேன், இனி இந்த இடத்தில் ஒருத்தரும் சுவிட்சைத் தொடக் கூடாது என்று. ஆக சுவிட்ச் இல்லாததும் நைனாவுக்காகத்தான், சுவிட்ச் போட வாங்க என்று பத்திரிகை அடித்ததும் நைனாவுக்காகத்தான், இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்காத மண்டை என் மண்டை.

இளவழகன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார், அவலூர்பேட்டைக்காரர், ஒயரிங் முழுக்க அவர் கைவேலை, என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், மீசையெல்லாம் நரைத்த தம்பி எனக்கு. "இதுக்குப் போயி ஏன்க்கா டென்ஷன் ஆவுற? செவுத்துல ஒரு டம்மி சுச்சு வச்சிடறேன், நைனா அழுத்தட்டும், நான் அந்தாண்ட மறைவா நின்னு சென்சார் முன்னால கைய ஆட்டறேன், எரிஞ்சிடும், ஒருத்தருக்கும் தெரியாது." ஒருத்தருக்கும் தெரியாது, சரி, எனக்குத் தெரியுமே... ஆனாலும் ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன், சரி வையுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பத்து நாளாக ரேஷன் கடை, டீக்கடை, சொசைட்டி ஒன்று பாக்கியில்லை, 'எம் பொண்ணு என்னத்தான் சுச்சு போடச் சொல்லியிருக்குது' என்று எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருக்கிறார், நேற்று வீட்டு சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்து எந்த விரலால் போட்டால் போட்டோவில் நல்லா விழும் என்று அம்மாவைக் கேட்டாராம். அந்த மனுசனையா ஏமாற்றுவது? நான் ஏற்கெனவே ஒரு தரம் ஏமாற்றியவள், மேல்மலையனூரில் வேண்டிக்கொண்டு பாவாடைராயன் பேரை வைத்தார்கள் அவருக்கு, பள்ளிக்கூடத்தில் அப்பன் பேர் என்ன என்று கேட்டு நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது, அதற்குப் பிறகு வெறும் பா. கலைமதி, அந்த பா-வுக்கு விரிவு கேட்டால் தெரியாத மாதிரி வேறெங்கோ பார்ப்பேன். அந்தக் கடனுக்குத்தான் ஃபிளெக்ஸில் அவ்வளவு பெரிய எழுத்து, இது பிரிண்டிங் கடைக்காரருக்கு எப்படித் தெரியும். டம்மியும் வேண்டாம் கிம்மியும் வேண்டாம் என்று இளவழகனிடம் சொல்லிவிட்டேன்.

சூரியன் ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் இறங்கிவிட்டது, அமாவாசை, மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் ஒன்றின் பின் ஒன்றாக வேப்பிலைக் கொத்தோடு போய்க்கொண்டிருந்தது, எந்த பஸ் ஹெட்லைட்டைப் போட்டாலும் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம்... நைனா வேலைக்கு நின்ற பாண்டுரங்கன் வீட்டு டிராக்டர், உழவு முடிந்து பொழுது சாய்கிற நேரத்தில் ஏரித் தண்ணீரில் இறக்கி நைனா கழுவுவார், இடுப்பளவு தண்ணீர், நான் கரையில் தூக்குவாளியோடு நிற்பேன், கழுவி முடிக்கிற வரைக்கும் நைனா சாப்பிடக் கூடாது. பாண்டுரங்கன் கரையில் நின்றுகொண்டு அந்தாண்ட சேறு இருக்குது பாரு, இந்தாண்ட சேறு இருக்குது பாரு என்று காட்டிக்கொண்டே இருப்பார், அவர் மகன் அன்புமணி டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருப்பான், என் வயசு, என் வகுப்பு, அவனுக்கு விளையாட்டு என்னவென்றால் ஹெட்லைட் சுவிட்ச், போடுவான், அணைப்பான், போடுவான், அணைப்பான், முன்னால் நின்று தேய்க்கிற நைனா முகத்தில் அத்தனையும் விழும். "பாவாட, இங்க பாரு! பாவாட, இங்க பாரு!" நைனா ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரிப்பார். எனக்கு அந்தப் பையன்மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின்மேல் வந்த கோபம்தான் அதிகம், ஏன் நைனா சிரிச்ச, அழுதிருக்கலாம் இல்லையா, திட்டியிருக்கலாம் இல்லையா... கேட்டதில்லை. முப்பது வருஷம் ஆகப் போகிறது, இன்னும் கேட்கவில்லை.

அதனால்தான் நான் போட்ட கடையில் யாருக்கும் வண்டி கழுவித் தர மாட்டோம், தண்ணீர் எங்களுடையது, நுரை எங்களுடையது, கை உங்களுடையது, திறந்த புதிதில் கோட்டை பார்க்க வந்த சென்னைக்காரர் ஒருத்தர் கழுவ ஆள் இல்லையாம்மா என்று கேட்டார், இருக்குது சார், நீங்கதான் என்றேன், சிரித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். நைனாவுக்கு இங்கே ஒரு நாற்காலி, மேலே ஃபேன், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பு. பாண்டுரங்கன் போய்ச் சேர்ந்துவிட்டார், அன்புமணி வீட்டுக்குப் பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மரியாதைக்கா கொடுத்தேன், சேச்சே, 'திரு. பாவாடை அவர்கள்' என்று அவன் வாயால் படிக்க வேண்டும், அதற்குத்தான் போனேன், ஆனால் அவன் மனசுக்குள்ளேயே படித்துவிட்டு வரேன் கலை என்று மட்டும் சொன்னான். சரி, நைனாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று பக்கத்தில் போனேன். "நைனா, இதுக்கு சுச்சு கெடையாது. ஆள் உள்ள வந்தா தானா எரியும்." அவர் முகம் சுருங்கியது, மடிப்புக் கலையாமல் நின்றிருந்த மனுசன் வேட்டியைத் தடவிக்கொண்டார். "அப்ப நான் இன்னாம்மா செய்யறது?" "நீ சும்மா உள்ள நடந்து போ. நீ போனா எரியும்." என்னையே பார்த்தார், கிண்டல் பண்ணுகிறேனோ என்று. "நான் போனா எரியுமா?" "எரியும் நைனா." "நான் போனாவா?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

கேட்டவர் போக வேண்டியதுதானே? போகவில்லை. சிமெண்டுத் தரை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே, கட்டைவிரல்கூட உள்ளே படாமல் நின்றுகொண்டார், இருட்டட்டும்மா என்றார், இருட்டிவிட்டது நைனா என்றேன், எல்லாரும் வரட்டும்மா என்றார், எல்லாரும் வந்தாயிற்று, இளவழகன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்கிறார், அம்மா பல்லைக் கடிக்கிறாள், அவரோ எரியாவிட்டால் சிரிப்பார்களே என்று நினைக்கிறாரா, கூப்பிட்டால்தான் உள்ளே போக வேண்டும் என்று நினைக்கிறாரா, கூப்பிட யாரை எதிர்பார்க்கிறார்... அப்போதுதான் அந்தக் கார் வந்தது, இடுப்பு வரைக்கும் சேறு, முதல் தடுப்பின் வாசலில் சரிவுக்கு முன்னாலேயே நின்றது, அன்புமணி இறங்கினான். "கலை, வளத்தி பக்கம் ரோடு போடறான், ஒரே சேறு. ஃபங்ஷன் முடிஞ்சிடுச்சா? இத கழுவிட்டு வந்து உக்காந்துக்கட்டா?" நான் வாயைத் திறப்பதற்குள் நைனா நகர்ந்துவிட்டார். புது வேட்டியை ஒரே இழுப்பில் மடித்துக் கட்டிக்கொண்டு, "இருங்க, இருங்க, நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று உள்ளே போனார், சுவரில் மாட்டியிருந்த, தண்ணீர் பீய்ச்சுகிற பிரஷர் கன்னை எடுத்தார், ஐயோ நைனா, வேணாம் நைனா, இதுக்கில்ல நைனா... சொல்ல நினைத்ததுதான், அதற்குள்.

எரிந்தது. கண்ணடிக்கவில்லை, தயங்கவில்லை, பன்னிரண்டும் ஒரே மூச்சில், நிழலே விழாத வெள்ளை வெளிச்சம், அதற்கு நடுவில் நைனா, நரைத்த தலை, முழங்கைத் தழும்பு, மடித்துக் கட்டின வேட்டிக்குக் கீழே காலமெல்லாம் தண்ணீரில் ஊறிக் கறுத்துப்போன கால், ஒன்று விடாமல் அத்தனையும் தெரிந்தது. காலனி சனம் கை தட்டியது பாருங்கள், அப்படி ஒரு தட்டு, "எரிஞ்சிடுச்சுடி!" என்று அம்மா கத்தினாள், இளவழகன் விசிலே அடித்தார், என் நைனா, எங்க நைனா, அவர் கால் பட்டு எரிந்த விளக்கு. நைனா அண்ணாந்து பார்த்தார், பிறகு கன்னோடு சேர்த்தே இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார், நேர் எதிரே அதே வெளிச்சத்தில் அன்புமணி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை என்று நினைக்கிறேன், பெரியவரே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினான், கிட்டே வந்து கையை நீட்டினான். "குடுங்க... நீங்க வுடுங்க. நானே கழுவிக்கிறேன். இங்க அதான வழக்கம்." நீங்க. அவன் வாயிலிருந்து நைனாவுக்கு ஒரு நீங்க, காதாரக் கேட்டேன்.

நைனா என்னிடம் வந்தார், வேட்டி மடிப்பெல்லாம் போச்சு, கன்னிலிருந்து சொட்டிக் கரையெல்லாம் ஈரம், முகம் மட்டும் அப்படி ஒரு பிரகாசம். "நான் போனதும் எரிஞ்சிச்சு பாத்தியா?" "பாத்தேன் நைனா." நாய் போனாலும் எரியும், பஸ்ஸுக்கு நிற்கிறவர் ஒதுங்கினாலும் எரியும், அதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும், இன்றைக்கு எரிந்தது இவருக்கு, போட்டோ இருக்கிறது, சாட்சி இருக்கிறது, நாளைக்கு ரேஷன் கடையில் போய் நைனா சொல்லட்டும், இன்னும் பத்து நாளைக்குச் சொல்லட்டும். நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தேன், அவர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு உறிஞ்சினார், அங்கே அன்புமணி குனிந்து சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான், நைனா பார்த்தது விளக்கையா சக்கரத்தையா தெரியவில்லை. என் கையும் குவிந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன், நான் எப்போது கும்பிட்டேன், ஆனால் யாரை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, என் கண் அந்த வேட்டியை விட்டு அப்படி இப்படி நகரவே இல்லை. நைனா யாரைக் கும்பிட்டார்? விளக்கு மேலே இருந்தது, அவர் அண்ணாந்து பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையை நேர் எதிரே இறக்கின பிறகுதான் கை குவிந்தது... கேட்டால் விளக்கைத்தாம்மா என்பார், யோசிக்காமல் உடனே சொல்வார், சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.